பதினொன்றாவது காட்சி

கண்டல்முனைக்கு இதுவரை வந்த வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் வழி தவறி வந்தவர்கள், மீதிப்பேர் திரும்பிப் போகிற கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்று சித்திரவேல் சொல்வான். அவன் வாயிலிருந்து வந்தால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று ஊர் எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டிவிடும், ஆனால் இந்த ஒன்று மட்டும் சத்தியமான உண்மை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் இலந்தையும் காரையும் தாழையும் பின்னிக் கிடக்கிற காடு, நாலாவது பக்கம் ஒரு தார்ரோடு, அதுவும் ஊருக்குள் நுழைந்து கடைசி வீடு வரைக்கும் வந்து, எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோன மாதிரி மணலுக்குள் இறங்கிவிடும். அந்தக் கடைசி வீடுதான் சித்திரவேலுடையது.

காட்டுக்குள் குதிரைகள் உண்டு, மான்கள் உண்டு, நரியும் பன்றியும் உண்டு, பனிக்காலத்தில் உப்பங்கழி முழுக்கப் பூநாரை இறங்கும். இதையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவது இருபத்தாறு வருஷமாக அவன் தொழில். தொழில் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வந்தவர்களைக் காட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவான், காட்டுக்கு முதுகைக் காட்டி ஆட்களுக்கு முகத்தைக் காட்டி நிற்பான், இரண்டு கையையும் தூக்குவான், பேச ஆரம்பிப்பான். அவன் ஆரம்பித்த சத்தத்தில் நாலு திசையிலும் ஒரு அணில்கூட மிஞ்சாது. 'இப்பத்தான் சார் நின்னுச்சு, நீங்க வர்றதுக்கு ஒரு நிமிசம் முந்தித்தான் போச்சு' என்று அத்தனை தடவை சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே சொல்கிறான் என்று அவன் மனைவி ராசாம்பாள் ஒருதரம் குழாயடியில் சொல்ல, ஊர் ஒரு வாரம் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் அவனுக்கு இணையான ஆள் அந்தக் கடற்கரையில் கிடையாது, அதற்கும் காசு செலவில்லை என்பதால்.

காசு செலவில்லாத எதையும் அவன் விட்டதில்லை. காலையில் பேப்பர் ஊராட்சித் தலைவர் வீட்டில், மத்தியானம் ஏதாவது ஒரு வீட்டு விசேஷத்தில், சாயங்காலம் நாலரைக்குப் போய் ஏழு வரைக்கும் நெய்னா முகமதுவின் டீக்கடையில். கண்டல்முனையில் அவனுக்கு ஓசி சித்திரவேல் என்றுதான் பேர். நெய்னா எப்போதாவது முகத்தைச் சுளித்தால், 'காசு குடுத்துக் குடிச்சா எனக்கு நெஞ்சைக் கரிக்குது பாய்' என்பான், நெய்னாவும் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் ஊற்றுவார். ஆனால் ஒன்று, இத்தனை வீட்டில் உட்கார்ந்தவன் ஒரே ஒரு ஆளைக்கூடத் தன் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்ற பயம் ஒருபக்கம், கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பது இன்னொரு பக்கம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, ரோடு முடிகிற இடம், யாரும் அந்தப் பக்கமாகப் போகவும் வேலையில்லை.

இப்படி இருக்கும்போது ஊராட்சித் தலைவர் அம்பலவாணன் பக்கத்து ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வயிற்றெரிச்சலோடு திரும்பி வந்தார். அங்கே பஸ் ஸ்டாண்டில் பெரிய பலகை வைத்து, எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவை என்று எழுதிப்போட்டிருக்கிறார்களாம். நம் ஊருக்கும் ஒன்று வேண்டும், ஆனால் நம் ஊரில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி ஒரு மண்ணும் இல்லை, அதனால் காசில்லாமல் காண வேண்டியவை என்று எழுதிவிடுவோம் என்றார். காசில்லாத விஷயத்தை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தது. அது பெருமையா அவமானமா என்று பிரித்துப் பார்க்கச் சித்திரவேலுக்கு நேரமில்லை, எழுதி முடிக்கிற வரைக்கும் தலைவர் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று நாள் சாப்பிட்டு எழுதினான். விடிகாலையில் படகு கரையேறுவது, உச்சிவெயிலில் உப்புப் பாத்தி மினுங்குவது, கலங்கரை விளக்கத்தை வெளியிலிருந்து பார்ப்பது, அலைக்குப் பத்தடி தள்ளித் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது, முனையில் நின்று காலையில் சூரியன் கடலில் எழுவதையும் திரும்பி நின்று சாயங்காலம் அதே கடலில் இறங்குவதையும் பார்ப்பது, இடையில் கால் வலித்தால் உட்கார்ந்துகொள்வது, பூநாரை, குதிரை, மான் என்று இழுத்துப் பறித்து ஒன்பது சேர்த்தான், பத்தாவதாகக் காற்று என்று எழுதி முடித்தான். தலைவர் படித்துப் பார்த்து முகம் சுருங்கினார். மொய் எழுதினாலே நூறு என்று நிறுத்தாமல் நூற்றியொன்று என்று எழுதுகிற ஊர், பலகையில் பத்து என்று மொட்டையாக முடித்தால் விளங்குமா, இன்னும் ஒன்று சேர் என்றார். பெயின்டர் ஏணியில் பிரஷ்ஷோடு நிற்கிறான், பெயின்ட் காய்கிறது. சித்திரவேல் தலையைச் சொறிந்தான், தெருவைப் பார்த்தான், தெருவில் ஆட்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு ஒன்றும் அகப்படாமல், 'பதினொன்று, எங்கள் ஊர் மக்கள், மாலை ஐந்து மணி முதல் விளக்கு வைக்கும் வரை' என்று சொல்லிவிட்டான்.

பலகையை ரோடு முடிகிற இடத்தில், சித்திரவேல் வீட்டுக்குப் பக்கத்தில் நட்டார்கள். ரோட்டைப் பார்க்க வைத்தால் வெயில் பட்டு எழுத்து வெளுத்துவிடும், புது பெயின்ட் பாழாகப் போய்விடும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லி, கடைசியில் எழுத்து காட்டைப் பார்க்கிற மாதிரி நட்டுவிட்டு, ரொம்ப வருஷம் தாங்கும் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஊர் புத்தி அது. அந்தப் பலகையை ஊருக்கு வந்த ஒரு மனுஷன்கூடப் படிக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு, செவலை நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை காட்டிலிருந்து இறங்கி, பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, தெருவோடு நடந்து, யார் வாசல் கோலத்தையும் மிதிக்காமல் வந்து, நெய்னாவின் டீக்கடைக்கு எதிரே பத்தடி தள்ளி நின்றது. நெய்னா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். குதிரை அதைப் பார்த்தது. அவர் கை மேலே போனால் தலையைத் தூக்கியது, கை கீழே வந்தால் தலையைத் தாழ்த்தியது, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி அம்மன் கோயிலில் விளக்கு வைத்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. நெய்னாவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான், வந்த ஆளை என்ன வேணும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டோமே என்று. மறுநாள் குதிரை இன்னும் மூன்று குதிரைகளோடு வந்தது, அதற்கு மறுநாள் மான்கள் வந்தன, பன்றிகள் குட்டியும் குளுவானுமாக வந்தன, நரி தனியாக வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தது, சீசனுக்கு முந்தியே வந்துவிட்ட நாலைந்து பூநாரைகள் எல்லாருக்கும் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தன. தினமும் ஐந்து மணிக்கு வரும், விளக்கு வைத்தால் போகும், ஒரு நாளும் ஒரு நிமிஷம் கூடக்குறைய இருந்ததில்லை.

முதலில் கம்பை எடுத்து விரட்டிப் பார்த்தார்கள். இரண்டடி தள்ளிப் போய்விட்டு, தப்பாக நினைத்துக்கொள்ளாமல் மறுபடியும் வந்து நின்றன. அப்புறம் விரட்டுவதற்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஒரு வாரத்தில் கம்பைக் கீழே போட்டார்கள், பத்து நாளில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள், பதினைந்தாம் நாள் குண்டானில் தண்ணீரும் தாம்பாளத்தில் கொஞ்சம் அவலும் வைத்தார்கள், ஏனென்றால் வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் கண்டல்முனையில் இல்லை. ஒன்றும் தொடவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம், பார்க்கத்தான் வந்தோம் என்பது மாதிரி ஒதுங்கி நின்றன. சித்திரவேல் அந்த அவலைத் தின்றுகொண்டே, சரிதான், எனக்கு நேர் எதிரான ஜாதி இது என்று நினைத்துக்கொண்டான்.

பேச்சும் மாறிப்போனது. குதிரை வந்துச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் குதிரை வந்திருந்தாங்க என்று சொல்ல ஆரம்பித்தார்கள். குழாயடியில் சண்டை நடந்தால் பன்றிகள் வட்டம் கட்டி நிற்கும், பெண்கள் வெட்கப்பட்டுக் குரலை இறக்குவார்கள், பன்றிகள் சுவாரஸ்யம் குறைந்து கலையப் பார்த்தால், ஐயோ பாவம், வந்தவர்களை ஏமாற்றக்கூடாது என்று விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிப்பார்கள். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி மேல் கையை ஓங்கிய ஒருவன் வாசலில் நரி உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான், ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துவிட்டுப் படுத்துவிட்டான், அன்றையிலிருந்து அந்தத் தெருவில் யாரும் கை ஓங்கவில்லை.

எந்த வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் ஊருக்குத் தூக்கம் போனது. கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் அஞ்சலைக்குத் தெரு அடைக்க மான் கூட்டம். டைல்ஸ் ஒட்டிய மாடிவீட்டு வாசலில் பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு, சேர் போட்டு, மீசையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைவருக்கு ஒரு ஓணான்கூட இல்லை. எட்டு நாள் பார்த்தார். ஒன்பதாம் நாள் வெறுத்துப்போய், பல்செட்டைக் கழற்றி ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவ ஆரம்பித்தார், தலை நிமிர்ந்தால் எதிரே மூன்று குதிரைகள். அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவருக்குப் பல்செட்டு கழுவுகிற வேலை வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறதைக் காட்டினால் அவர்கள் பார்ப்பதில்லை, சும்மா இருக்கிறதைத்தான் பார்க்கிறார்கள் என்று நெய்னா ஒரு கருத்துச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

சித்திரவேல் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் இப்போது நிஜமாகவே வந்தார்கள், ஆனால் நடுத்தெருவில் நிற்கிற குதிரையைக் காட்ட வழிகாட்டி எதற்கு. பேசாமல் இருந்து பழக்கமில்லாத வாய், கேட்க ஆளில்லாமல் நமைத்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போய், அஞ்சலைக்கு முதுகைக் காட்டி, மான்களுக்கு முகத்தைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கி, இந்த அம்மாவின் பேர் அஞ்சலை, வயது அறுபத்திரண்டு, இந்த வலை கிழிந்த கதை என்னவென்றால் என்று ஆரம்பித்தான். மான்கள் கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர்கள் மாதிரி அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தன, முடியாமல் ஒவ்வொன்றாக நழுவி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. திரும்பிப் பார்த்தால் அஞ்சலை ஊசியும் கையுமாக அவனையே முறைத்துக்கொண்டிருந்தாள். இப்பத்தான் நின்னுச்சு என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, அடி விழுவதற்கு முன் நடையைக் கட்டினான்.

இதெல்லாம் அவனுக்குச் சிரிப்புத்தான். சிரிக்க முடியாதது வேறொன்று இருந்தது. காட்டிலிருந்து ஊருக்கு வருகிற எந்த மிருகமும் முதலில் அவன் வீட்டைக் கடந்துதான் வரவேண்டும், திரும்பிப் போகும்போதும் அவன் வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். ஒன்றுகூட நின்றதில்லை. ராசாம்பாள் மத்தியானமே வாசலைப் பெருக்கிவிடுவாள், தண்ணீர் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிடுவாள், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கட்டுகிற ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவாள். அவள் முன்னால் குதிரைகள் போகும், மான்கள் போகும், நரி போகும், தலையைத் திருப்பாமல் போகும். ஊரில் எல்லார் வீட்டுக்கும் வந்தவர்கள் அவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்பது குழாயடியில் பேச்சானது, அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டு விடிவதற்குள் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள்.

சித்திரவேல் இதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டான். மூன்று நாள் டீக்கடைக்குப் போகாமல், ஐந்து மணிக்குத் தன் வாசலில், ரோட்டைப் பார்க்க முகத்தையும் வீட்டைப் பார்க்க முதுகையும் வைத்து நின்று, என்னென்ன வித்தை உண்டோ அத்தனையும் செய்தான். சவரம் செய்து பார்த்தான், கால் நகம் வெட்டிப் பார்த்தான், தலைகீழாக நிற்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், சண்டைக்குக் கூட்டம் வருகிறதே என்று ராசாம்பாளை வம்புக்கு இழுத்தான், அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் விளக்கு வைத்த பிறகு, கடைசிப் பன்றியும் கடந்துபோன பிறகு, அவள் நல்ல சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே பேசினாள். கோபமில்லை, மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"விட்டுடுங்க. இருபத்தாறு வருசமா இந்த வீட்டுக்கு ஒரு மனுசர் வந்ததில்ல. நீங்க எல்லார் வீட்டுக்கும் போவீங்க, யாரையும் கூட்டியாந்ததில்ல. மனுசரே வராத வீட்டுக்கு அதுங்க மட்டும் என்னத்தப் பாக்க வரும்?"

சித்திரவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதுவும் சொந்த வீட்டுச் சாப்பாடு.

மறுநாள் டீக்கடையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்திருந்தது, கிழக்கே கடலுக்கு மேல் கருமேகம் கட்டிக்கொண்டு நின்றது, காற்று திசை மாறியிருந்தது. இன்றோ நாளையோ மழை இறங்கிவிடும், இறங்கினால் தெரு முழுக்கத் தண்ணீர், வந்தவர்கள் எல்லாரும் மேட்டுக்காட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்த வருஷம் வருகிறார்களோ இல்லையோ என்று கடையில் ஆளாளுக்கு, ஊருக்குக் கிளம்புகிற சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். நெய்னா அவன் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"அஞ்சு மணிக்கு உன் வீட்டுல தங்கச்சி என்ன செஞ்சுக்கிட்டு இருக்கும்? அதச் சொல்லு, எதனால நிக்கலன்னு யோசிச்சுப் பாப்போம்."

சித்திரவேல் வாயைத் திறந்தான். பூநாரை ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்று அரைமணி நேரம் பேசுகிறவன், பார்க்காத சிறுத்தைக்குப் புள்ளி எண்ணிச் சொல்கிறவன், வாயைத் திறந்தபடியே இருந்தான். ஐந்து மணிக்கு அவள் என்ன செய்வாள். உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்து என்ன செய்வாள். நீலச் சேலை கட்டியிருப்பாள், நீலம்தானா என்று தெரியவில்லை. உண்மை வராத சமயத்தில் எப்போதும் ஓடிவந்து காப்பாற்றுகிற பொய்கூட அன்றைக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷமும் ஐந்து மணிக்கு அவன் இந்தப் பெஞ்சில்தான் இருந்திருக்கிறான், வீட்டில் இருந்த மூன்று நாளும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கிளாஸைக் காலிசெய்து வைத்துவிட்டு எழுந்து நடந்தான்.

வீட்டுக்குள் போகவில்லை. வாசலிலிருந்து பத்தடி தள்ளி, தாழை வேலிக்கு அந்தப் பக்கம், மற்ற வீடுகளில் மான்கள் எங்கே நிற்குமோ அந்த இடத்தில் போய் நின்றான். காட்டுக்கு முதுகைக் காட்டி நின்ற ஆயுசில் முதல் தடவையாக அவன் முகம் அவன் வீட்டைப் பார்த்து இருந்தது. பார்க்க ஆரம்பித்தான்.

ராசாம்பாள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சேலை பச்சை. பிடரியில் முடி நரைத்திருந்தது, எப்போது நரைத்தது என்று அவனுக்குத் தெரியாது. பொறுக்கிய கல்லை ஒவ்வொன்றாக வேலிப்பக்கம் எறிந்தாள், நொய்யை மட்டும் தனியாக எடுத்து அணிலுக்கு வைத்தாள், வைத்துவிட்டு அணிலிடம் ஏதோ சொன்னாள், அணில் வாலை ஆட்டியதும் தானே சிரித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். ஒற்றைக்காலில் நின்று, இன்னொரு காலின் பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, கடல்பக்கம் மேகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அப்படியே ஒற்றைக்காலில் நின்றாள். உலகத்துக்கெல்லாம் பூநாரையைக் காட்டித் திரிந்த மடையன் தன் வீட்டு வாசலில் ஒன்று நின்றதைப் பார்க்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் துக்கமாகவும் இருந்தது. அப்புறம் அவள் உள்ளே போய் மோர்ச்சட்டியும் இரண்டு டம்ளரும் எடுத்து வந்தாள். இரண்டையும் முந்தானையால் துடைத்தாள். டீக்கடை இருக்கிற திசையில் ரோட்டை ஒருதரம் பார்த்தாள். ஒரு டம்ளரைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, மற்றதில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கை அந்த வேலையை யோசிக்காமல் செய்தது, தினமும் செய்கிற கை.

சித்திரவேலுக்குக் கண் கலங்கிப்போனது. வலது தோளில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது, திரும்பாமலே தெரிந்தது, செவலைக் குதிரை வந்து அவன் பக்கத்தில் நின்றிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. கையைத் தூக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று அவள் மோர் குடிப்பதைப் பார்த்தார்கள்.

ராசாம்பாள் நிமிர்ந்தாள். முதலில் குதிரையைப் பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள், எது வந்தது பெரிய விஷயம் என்று அவளுக்கே பிடிபடாத மாதிரி மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாசலுக்கு வந்தவர்களை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டாள்.

"வாங்க. எந்த ஊரு?"

"இந்த ஊருதான்" என்றான் சித்திரவேல். "பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றான்.

"வெளிய நின்னா எப்படி. உள்ள வந்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள், எடுத்து வைத்த டம்ளரைத் திரும்ப எடுத்து வந்தாள். அவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, முதல்முதலாக அந்த வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு படியேறினான். குதிரை விளக்கு வைக்கிற வரைக்கும் நின்று, இரண்டு பேரும் மோர் குடிப்பதையும், ஒன்றும் பேசிக்கொள்ளாததையும், பிறகு ஏதோ பேசிக்கொண்டதையும் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

அன்றைக்கு ராத்திரி மழை இறங்கி ஒன்பது நாள் விடாமல் பெய்தது. மழை விட்டு வெறித்தபோது தெருவில் குளம்படி ஒன்றுகூட மிச்சமில்லை. ஐந்து மணிக்கு ஊர் வாசலில் வந்து உட்கார்ந்து பார்த்தது, பார்க்க யாரும் இல்லாமல் டீ ஆற்றுவதும் வலை தைப்பதும் சண்டை போடுவதும் சப்பென்று இருந்தது, தலைவர் மட்டும் நம்பிக்கை விடாமல் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். டீக்கடையில் மழைக்கு முந்தின கடைசி நாள் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள், அஞ்சலைக்கு இத்தனை, தலைவருக்கு இத்தனை என்று போய், கடைசியில் ஒருத்தன் கண்ணடித்துக்கொண்டு, என்ன ஓசி, உன் வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா என்று கேட்டான். நாற்பது குதிரை, அறுபது மான், ஒரு சிறுத்தை என்று அவன் அளக்கப்போவதைக் கேட்க எல்லாரும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். குதிரை வந்ததுகூட அவன் நினைவுக்கு வரவில்லை.

"ஒருத்தர் வந்தாரு. உள்ளூர்தான்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நெய்னா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீயை ஆற்றி நிறையக் கொடுத்தார். சித்திரவேல் ஒரு வாய் குடித்தான், இரண்டு வாய் குடித்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். பாய், நாளைக்கு நீங்களும் உங்க வீட்டு அக்காவும் நம்ம வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு, கிளாஸைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோடு முடிகிற பக்கமாக வேகமாக நடந்தான். குதிரை டீக்கடைக்கு வந்தபோதும், பன்றிகள் குழாயடிக்கு வந்தபோதும் வாயைத் திறக்காத கண்டல்முனை, அன்றைக்குத்தான் திறந்த வாயை மூட முடியாமல் நின்றது. பெஞ்சின்மேல் அரைக் கிளாஸ் டீ மிச்சம் இருந்தது, அதுவும் ஓசி டீ.